பொள்ளாச்சி கொழந்தைங்க கிளினிக் - 4 ஸ்டார் குடுக்கலாம்

பாப்பா பொறந்து மூணாம் நாள் கண்ணு மஞ்சளா தெரிஞ்சுது, அத்தை காலை வெயில்ல காட்டுனா போயிரும்னாங்க, நாங்களும் வாசல்லயே வெச்சுட்டு இருந்தோம், அஞ்சாம் நாள் பாத்தா உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளு, பாலும் குடிக்காம ஒரே தூக்கம். கொழிஞ்சாம்பாறைல இருந்து ஆட்டோ புடிச்சு இங்க ஓடி வந்தோமுங்க. டாக்டரம்மா நெத்தில விரல வெச்சு அமுக்கி பாத்துட்டு உடனே ரத்தம் எடுத்தாங்க, பிலிரூபின் (ரத்தத்துல இருக்கற மஞ்சள் அளவு) 19. கண்ண கட்டி நீல லைட்டுக்கு கீழ ரெண்டு நாள்.

வெயில நம்பாதீங்க, ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒருக்கா பால் குடுங்க, வெளிக்கு போனாத்தான் மஞ்சள் எறங்கும்னு பொறுமையா சொன்னாங்க. பொறந்து 24 மணி நேரத்துக்குள்ளயே தெரிஞ்சா காத்திருக்கவே கூடாதாம்.

டோக்கன் கூட்டந்தான் கடுப்பு, பச்ச ஒடம்புக்காரி ஒக்கார ஒரு சேர் இல்லீங்க.