நிற்கும் தட்டா, கிடைத்தட்டா? வாட்ச் கேஸுக்கு இரண்டு லேப்பிங் மெஷின் கட்டிப் பார்த்த கணக்கு

டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு வாட்ச் கேஸைச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் பிம்பம் லக்கின் (பட்டையைப் பிடிக்கும் கொம்பின்) முனைவரை ஒரே நேர்க்கோடாகப் போனால், அது சுழலும் தட்டையான தட்டில் ஒற்றித் தேய்த்த, அதாவது லேப்பிங் செய்த முகம். முனையை நெருங்கும்போது கோடு சரிந்து வளைந்தால், பஃப் என்ற துணிச் சக்கரத்தில் தேய்த்தது. பஃப் மென்மையானது; அழுத்தினால் விளிம்பைச் சுற்றி வழிந்து, முதலில் கூர்மையைத்தான் தின்னும். அந்தக் கோடு நேராக வர வேண்டும் என்பதற்காகவே இரண்டு மெஷின் கட்டினேன். முதலாவதைப் பிரித்துவிட்டேன். இரண்டாவது ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலாவது, நிற்கும் தட்டு. பெஞ்ச் கிரைண்டரின் கல்லைக் கழற்றிவிட்டு, அதே ஷாஃப்டில் 200 மி.மீ. அலுமினியத் தட்டு ஒன்றை மாட்டினேன். தட்டின் விளிம்பில் அல்ல, முகப்பில் கேஸை ஒற்றித் தேய்க்க வேண்டும். இரண்டாவது, கிடைத்தட்டு. குயவர் சக்கரம் போலப் படுத்துச் சுற்றும் தட்டு. அதற்குத் தனி ஷாஃப்ட், இரண்டு பேரிங், பக்கத்தில் பழைய டிரெட்மில் மோட்டார், நடுவில் பெல்ட்.

மெஷினே வேண்டாம், கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டிக் கையால் தேய்த்தால் போதாதா என்று கேட்கலாம். தட்டையான பின்மூடிக்குப் போதும். லக்கின் சரிவு முகத்துக்குப் போதாது. நூறு முறை இழுத்தால் பத்து முறையாவது மணிக்கட்டு ஆடும், அந்தப் பத்தில் விளிம்பு போய்விடும்.

நிற்கும் தட்டுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். தொழிற்சாலை முறைக்கு நெருக்கமானது அதுதான். கிராண்ட் சீகோ என்ற ஜப்பானிய வாட்ச்களின் கேஸ்களைப் பற்றிப் பேசும்போது வரும் 'ஸாரட்ஸு' என்ற மெருகு முறையின் பெயர், ஸல்லாஸ் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் மெஷின் பெயர் ஜப்பானிய நாவில் மாறியது. அதிலும் சுழலும் தட்டின் முகப்பில்தான் கேஸை ஒற்றுவார்கள். வீட்டில் கட்டுவதும் சுலபம். மோட்டார், ஷாஃப்ட், பேரிங் எல்லாம் தயாராக இருப்பதால் ஒரே நாளில் ஓடவிட்டேன்.

சிக்கல் வேகத்தில் ஆரம்பித்தது. அந்த மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று சுற்றும். 200 மி.மீ. தட்டின் விளிம்பு அப்போது வினாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. தேய்க்கிற இடத்திலேயே சூடு தேங்கும். நான்கைந்து வினாடியில் கேஸை விரலால் தொட முடியவில்லை. தண்ணீர் விட்டால் முகத்தில் அடிக்கிறது, வைரத்தூள் கலந்த வைரப் பசை தடவினால் சுவரில் தெறிக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம் என்றால், கிரைண்டரில் இருக்கும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் ரெகுலேட்டருக்குக் கட்டுப்படாது. டிரெட்மில்லில் இருப்பது டிசி மோட்டார், அதைக் கட்டுப்படுத்துவது எளிது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மின்சாரத்தை மட்டும் குறைத்து மெதுவாக ஓட்டினால் மோட்டாருடன் சுழலும் விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடாகும். சிறிய புல்லி, பெரிய புல்லி போட்டுப் பாதி வேலையைப் பெல்ட்டிடம் விட்டேன். இப்போது தட்டு நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடுகிறது, விளிம்பில் வினாடிக்கு 3 மீட்டர்.

ஆனால் முதலாவதைப் பிரிக்க வைத்தது வேகம் இல்லை. தட்டைத் தட்டையாகவே வைத்திருக்கும் வேலைதான். மெஷின் கட்டுவது ஒரு முறை, தட்டைப் பராமரிப்பது ஒவ்வொரு கேஸுக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கோட்டம். கிரைண்டர் ஷாஃப்டில் தட்டை வாஷரும் நட்டும் போட்டு இறுக்குகிறோம். நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை முகப்பில் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன்: முள் 0.1 மி.மீ. ஆடியது. சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது போல மெல்லிய தகடு செருகிச் செருகி 0.03-க்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் உப்புத்தாள் மாற்றத் தட்டைக் கழற்றி மாட்டினேன், பழையபடி 0.1. நிமிடத்துக்கு 2,850 சுற்றில் அந்த மேடு ஒரு வினாடிக்கு 47 முறை கேஸை அறைகிறது. லக்கின் சரிவு முகத்தில் மார்க்கரால் கறுப்புப் பூசி ஒரே ஒரு முறை ஒற்றிப் பார்த்தேன். நடுவில் மை அப்படியே இருந்தது, இரண்டு ஓரத்திலும் பளிச்சென்று இரும்பு தெரிந்தது. பஃப்பில் எது நடக்கக் கூடாது என்று மெஷின் கட்டினேனோ அதேதான் இங்கேயும் நடந்துகொண்டிருந்தது.

கிடைத்தட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. தட்டைத் தாங்கும் பிளாஞ்சை முதலில் ஷாஃப்டில் அழுத்தி ஏற்றிவிட்டு, அதற்கப்புறம் ஷாஃப்டோடு சேர்த்து லேத்தில் பிடித்து அதன் முகத்தைக் கடைந்தேன். தனியாகக் கடைந்து பிறகு ஏற்றினால் ஏற்றும்போதே சாய்ந்துவிடும். இரண்டு பேரிங்கையும் 100 மி.மீ. தள்ளி வைத்தேன். தட்டு இப்போது தன் எடையிலேயே பிளாஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. கழற்றி மாட்டினாலும் முள் 0.02-ஐத் தாண்டுவதில்லை.

அடுத்தது தேய்மானம். எந்தத் தட்டிலும் நடுப்பகுதி மெதுவாகவும் விளிம்பு வேகமாகவும் ஓடுகிறது. ஒரே வளையத்தில் கேஸை வைத்துத் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும். வைரப் பசைக்கு மென்மையான உலோகத் தட்டுதான் வேண்டும். தாமிரமோ வெள்ளீயமோ மென்மையாக இருப்பதால்தான் வைரத் துகள் அதில் பதிந்து நின்று, கடினமான கேஸை வெட்டுகிறது. அதே மென்மையால் தட்டும் சீக்கிரம் வடிவம் மாறும். எனக்கு ஐந்தாறு கேஸுக்கு ஒரு முறை திருத்த வேண்டியிருக்கிறது.

நிற்கும் தட்டை எப்படித் திருத்துவது? கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், திரும்பக் கோட்டம் எடுக்க வேண்டும். கிடைத்தட்டில் கழற்றவே வேண்டாம். கனமான வார்ப்பிரும்பு வளையம் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, நகராமல் ஒரு தாங்கி கொடுத்து, மெதுவாக ஓட்டுகிறேன். வளையத்தின் வெளிப்பக்கம் வேகமான பாதையிலும் உள்பக்கம் மெதுவான பாதையிலும் இருப்பதால், யாரும் சுற்றிவிடாமலே அது தானாகச் சுழலத் தொடங்கும். தட்டின் நடு மேடாக இருந்தால் வளையத்தை உள்ளே தள்ளி வைப்பேன், பள்ளமாக இருந்தால் வெளியே. நேர்விளிம்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பேன். கால் மணி நேர வேலை. நான் கிடைத்தட்டிலேயே தங்கிவிட்டதற்கு இந்தக் கால் மணி நேரம்தான் காரணம்.

மற்றவை சுருக்கமாக. கிடைத்தட்டு மேசையில் அதிக இடம் பிடிக்கும், சத்தம் குறைவு. ரத்தினக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர்களின் 8 அங்குலத் தட்டுகளை அரை அங்குல ஷாஃப்டில் நேராக மாட்டலாம், ஒவ்வொரு துகள் அளவுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாம். கேஸைப் பிடிக்கும் கையையும் அவர்களைப் பார்த்தே செய்தேன்: உயரமும் கோணமும் மாற்றக்கூடிய தூண், 96 பல் சக்கரம். ஒரு லக்கில் வைத்த கோணம் மற்ற மூன்றிலும் அப்படியே திரும்புகிறது. 800, 1200, 2000 உப்புத்தாள், பிறகு 3 மைக்ரான் வைரம், கடைசியில் 1 மைக்ரான். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கேஸைக் கழுவியே ஆக வேண்டும். தப்பிய ஒரு பழைய துகள் போதும், முகத்தில் நீளமாகக் கோடு இழுத்துவிடும். எந்த மெஷினானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், கையுறை போடாதீர்கள்.

நான் செய்தது எல்லாம் ஸ்டீல் கேஸ். டைட்டானியம் ஒன்றே ஒன்று, அது தட்டில் அப்பிக்கொண்டது, முகம் திருப்தியாக வரவில்லை. அதன் நுண்தூள் தீப்பிடிக்கும் என்பதால் முழுக்கத் தண்ணீரில்தான் தேய்த்தேன். தங்கக் கேஸைத் தொட்டதில்லை. டிரெட்மில் மோட்டாரின் கார்பன் பிரஷ் ஒன்றரை வருடம் தாங்கியிருக்கிறது, ஐந்து வருடம் போகுமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டிலேயே லேத் வைத்திருப்பவருக்கு என் வாதத்தில் பாதி பொருந்தாது. கழற்றிக் கடைந்து மாட்டுவது அவருக்குப் பத்து நிமிடம். வேகம் குறைக்கக்கூடிய மோட்டாரும் கையில் இருந்தால், அவர் நிற்கும் தட்டையே கட்டலாம்.