நண்பர்கள் வீட்டுக்குப் போக யூரெய்ல் பாஸ்: எங்கள் நீண்ட நாள் அனுபவம்

ஐரோப்பாவில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு, ஒரே சீட்டில் பல நாட்டு ரயில்களிலும் ஏற உதவும் யூரெய்ல் பாஸ் லாபமா நஷ்டமா என்று ஏகப்பட்ட பேர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நண்பர்கள் வீட்டுக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அதைப் பற்றி எழுத ஆள் குறைவு என்பதால் இந்தப் பகிர்வு. காகித பாஸில் பேனாவால் தேதி எழுதிய காலத்திலிருந்து இப்போது கைபேசியில் க்யூஆர் கோடு காட்டுவது வரை நாங்கள் இதைப் பயன்படுத்தி வருகிறோம்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். என் கணவர் நூற்பாலை இயந்திரங்களோடு வேலை பார்த்தவர். தொண்ணூறுகளில் பயிற்சிக்காக சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் சில மாதம் இருந்தார். நூற்பு இயந்திரங்களுக்குப் பேர்போன ஊர் என்பதால் கோவை மில்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. அங்கே அவருடன் வேலை பார்த்த ஒருவரும் அவர் மனைவியும் இன்றுவரை எங்களோடு நெருக்கமாக இருக்கிறார்கள். என்னுடைய ஹாஸ்டல் தோழி நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவனில் இருக்கிறாள். எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்திரியாவில் லின்ஸ் பக்கம் குடியேறிவிட்டார்கள். மூன்று வீடு, மூன்று நாடு, நடுவில் நீளமாக ஜெர்மனி. எங்கள் பயணத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

யூரெய்ல் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. 1959 முதல் இருக்கிறது. அதில் குளோபல் பாஸ் என்ற வகை 33 நாடுகளில் செல்லும். தொடர்ச்சியாக 15 நாள், 22 நாள் என்றும் வாங்கலாம். ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய 5 நாள் அல்லது 7 நாள் மட்டும் என்றும் வாங்கலாம். நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்கள் தொடர் பாஸ் பக்கமே போகாதீர்கள். ஒரு வீட்டில் இறங்கினால் நாலைந்து நாள் அவர்கள் நம்மை நகர விடமாட்டார்கள். அந்த நாட்களில் பாஸ் சும்மா பெட்டியில் கிடக்கும். ஒரு மாதத்துக்குள் 5 நாள் பாஸ் எங்களுக்குப் பெரும்பாலும் போதும். 60 வயது ஆனவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு.

விலையை மட்டும் பார்த்தால் பாஸ் எப்போதும் ஜெயிக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே தேதியை முடிவு செய்து சலுகை டிக்கெட் எடுப்பவருக்குச் செலவு இதைவிடக் குறையலாம். ஆனால் அந்த டிக்கெட் அந்த நாளுக்கும் அந்த ரயிலுக்கும் மட்டும்தான். நண்பர்கள் வீட்டுப் பயணத்தில் நிலைக்காத ஒரே விஷயம் தேதி. "வியாழக்கிழமை கிளம்பாதடீ, வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஒருநாள் இருந்துட்டுப் போ" என்று தோழி சொன்னால், டிக்கெட்டைக் காரணம் காட்டி எழுந்து வர எனக்கு மனசு வராது. எதிர்பக்கமும் நடந்திருக்கிறது. ஒரு முறை நாங்கள் தங்கிய வீட்டுப் பேரனுக்குக் காய்ச்சல் வந்து, நாங்களே ஒருநாள் முன்னதாகக் கிளம்பினோம். இரண்டு முறையும் ஒரு பைசா அபராதம் இல்லை. பாஸில் நான் காசு கொடுத்து வாங்குவது இந்தச் சுதந்திரத்தைத்தான்.

ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. இந்தச் சுதந்திரம் எல்லா நாட்டிலும் கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து உள்ளூர் ரயில்கள், நெதர்லாந்து உள்ளூர் ரயில்கள் ஆகியவற்றில் அனேகமாக முன்பதிவு இல்லாமலே ஏறிவிடலாம். பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் கையில் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். உள்நாட்டுப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒருவருக்கு 10 யூரோவிலிருந்து 20 யூரோ வரை ஆகும். பாரிஸ், லண்டன் பக்கம் போகும் யூரோஸ்டாரில் இன்னும் அதிகம். அதிலும் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் தீர்ந்துவிட்டால், ரயில் காலியாக இருந்தாலும் நமக்கு இடம் இல்லை. உங்கள் நண்பர்கள் பாரிஸ், லியோன், பார்சிலோனா என்று இருந்தால் பாஸை மறந்துவிட்டுச் சாதாரண டிக்கெட்டே எடுங்கள். பாரிஸில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். கார் துநோர் நிலையத்தில் இறங்கி லா ஷப்பேல் பக்கம் நடந்தால் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக வந்துவிடும். பெட்டியை உருட்டிக்கொண்டே போய் இடியாப்பம் சாப்பிடலாம்.

எங்களுக்குப் பிடித்த பகல் ஐண்ட்ஹோவனிலிருந்து விண்டர்தூர் போவதுதான். ஐண்ட்ஹோவன் நிலையத்துத் தடுப்புக் கதவு பாஸின் க்யூஆர் கோடுக்கே திறக்கும். வென்லோ வழியாக ஜெர்மனிக்குள் நுழைந்து கொலோன் வந்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று 2002இல் திறந்த அதிவேகப் பாதை, மணிக்கு 300 கிலோமீட்டர். குடைவுப் பாதையும் தடுப்புச் சுவருமாகப் போகும். இன்னொன்று ரைன் ஆற்றின் இடது கரையை ஒட்டிய பழைய பாதை. டிக்கெட்டில் எழுதிய வழியே போகவேண்டும் என்ற கட்டாயம் பாஸில் இல்லாததால் நாங்கள் எப்போதும் பழையதைத்தான் பிடிப்போம். கோப்லென்ஸ் தாண்டியதும் இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்தால் ஆறு, சரக்குப் படகுகள், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், மேலே கோட்டை என்று ஒரு மணி நேரத்துக்குக் கண்ணுக்கு வேலை. அந்த நேரத்தில் எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிப்பது எங்கள் வழக்கம்.

முன்பதிவு இல்லாமல் ஏறுகிறவர்கள் இருக்கை பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் ரயில்களில் இருக்கைக்கு மேலே சின்னத் திரை இருக்கும். 'கொலோன் – மன்ஹைம்' என்று ஓடினால் அந்தத் தூரத்துக்கு அது ஒருவருடையது. ஒன்றும் ஓடாத இருக்கையில் உட்காரலாம். நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். நாம் ஏற வேண்டிய ரயில் பெட்டி எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்று அறிவிப்புத் திரையில் பார்த்து அங்கே முன்கூட்டியே போய் நின்றுவிட்டால், கனமான பெட்டியோடு ரயிலின் நீளத்துக்கு ஓட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, ஞாயிறு மாலை மட்டும் சில யூரோ கொடுத்து இருக்கை பதிவு செய்துவிடுவோம். மூட்டு வலிக்கு அந்தக் காசு தகும்.

ஒரு முறை நாங்கள் போன ரயில் பாதி வழியில் ரத்தாகி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சலுகை டிக்கெட் வைத்திருந்தவர்கள் விசாரணைக் கவுண்டரில் வரிசை கட்டி நிற்க, நாங்கள் செயலியில் அடுத்த ரயிலைத் தேடி அதில் ஏறிவிட்டோம்.

விண்டர்தூரிலிருந்து லின்ஸ் போவது இன்னும் எளிது. சூரிச் போய் ரயில் மாறிவிட்டால், வியன்னா போகும் ரெயில்ஜெட் விரைவு ரயில் ஆர்ல்பெர்க் மலையைக் குடைந்துகொண்டு இன்ஸ்ப்ரூக், சால்ஸ்பர்க் வழியாக லின்ஸில் கொண்டுபோய் இறக்கும். அந்த ஆர்ல்பெர்க் குடைவு 1884இல் திறந்தது, 10 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பகல் முழுக்கப் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில் இருக்கிறது. படுக்கைக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். நள்ளிரவுக்கு முன் ஏறி நேரே போய் இறங்கினால் ஏறிய தேதி மட்டுமே பயண நாளாகக் கணக்கில் போகும். ஆறு பேர் படுக்கும் அறை கொஞ்சம் நெருக்கடிதான். கூடவே காலையில் இரண்டு பன், வெண்ணெய், ஜாம், காபி வந்துவிடும். ஆனால் நண்பர் வீட்டுக்கு அரைத் தூக்கத்தில் போய் நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை. என் கணவருக்கு ஆட்சேபணை இல்லை, அவர் நின்றுகொண்டே தூங்குவார்.

இப்போது கைபேசி பாஸ். ரெயில் பிளானர் என்ற செயலியில் பாஸைச் சேர்த்து, கிளம்பும் நாளில் பயண நாளைத் தொடங்கி, ஏறும் ரயிலையும் குறித்தால் க்யூஆர் கோடு வரும். முன்கூட்டியே ஆர்வக்கோளாறில் நாளைத் தொடங்கி வைக்க வேண்டாம். ரயில் ஏறுவதற்கு முன் செய்தால் போதும். பரிசோதகர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுச் சில சமயம் பாஸ்போர்ட்டும் கேட்பார், அதை மேல் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரே கைபேசியில் இருவர் பாஸையும் வைக்க முடியும், நிறைய தம்பதிகள் அப்படித்தான் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கொரு கைபேசியில் இருக்கட்டும், பேட்டரி தீர்ந்தால் ஒருவராவது பிழைப்போம். அப்புறம், அவர் தன் நண்பரோடு ஊர் சுற்றப் போகும்போது நான் தனியாக வேறொரு ஊருக்குப் போகவும் முடியும். சில நாட்களுக்கு ஒருமுறையாவது செயலி இணையத்தோடு இணைய வேண்டும். நண்பர் வீட்டு வைஃபை அதற்குப் போதும்.

பாஸ் எங்கே செல்லாது என்பதும் முக்கியம். நகரப் பேருந்து, டிராம், மெட்ரோவில் அது பொதுவாகச் செல்லாது. ஜெர்மனியில் எஸ்-பான் புறநகர் ரயிலில் செல்லும், யூ-பான் மெட்ரோவில் செல்லாது. பாஸல் போன்ற சுவிஸ் நகரங்களில் ஓட்டலில் தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் போக்குவரத்துக்கு இலவச அட்டை கிடைக்கும். நண்பர் வீட்டில் தங்கினால் அது இல்லை. அதைக் கேட்டு விண்டர்தூர் நண்பர் சிரித்துவிட்டு, தன் பழைய சைக்கிளை இவருக்குக் கொடுத்தார்.

விசா விஷயத்தில் ஒன்று. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், யார் வீட்டில் எத்தனை நாள் என்பதை முதலிலேயே நண்பர்களோடு பேசி முடிவு செய்வது நல்லது. ஓட்டல் பதிவுக்குப் பதிலாக நண்பரின் அழைப்பு ஆவணம் வேண்டும், அதன் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு வருட மல்டிபிள் என்ட்ரி விசா தரும் வழி 2024 ஏப்ரலில் வந்தது. அடிக்கடி போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. சீர் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்குக் கேட்க மாட்டார்கள். பருப்புப் பொடிக்குத்தான் எல்லா வீட்டிலும் வரவேற்பு.

அடுத்த முறை ஐண்ட்ஹோவன் தோழியும் எங்களோடு லின்ஸ் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் அங்கே வசிப்பதால் யூரெய்ல் வாங்க முடியாது, ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெய்ல்தான். அதுவும் அவள் வசிக்கும் நெதர்லாந்துக்குள், நாட்டை விட்டு வெளியே போகவும் திரும்பி வரவும் மட்டுமே செல்லும். சொந்த ஊர் ரயிலில் அவள் டிக்கெட் எடுக்க, வெளியூர்க்காரியான நான் பாஸில் போவேன் என்றதும் அவளுக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.