அந்த 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் ஓடி நொந்துபோன 21 கிலோமீட்டர் ஓட்டத்தை நடத்திய அதே ஆட்கள், போன வாரம் அடுத்த வருஷ ஓட்டத்துக்குப் பதிவைத் திறந்துவிட்டார்கள். அதே போஸ்டர், அதே ‘முதல் 500 பேருக்குச் சலுகைக் கட்டணம்’. எங்கள் ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் அந்த லிங்கை அனுப்பி “அக்கா, இதுக்குப் போலாமா?” என்று கேட்ட பிறகுதான், இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது தப்பு என்று உறைத்தது. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர், மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. அன்று ஓடியவர்களுக்கு எது என்று தெரியும்.

நான் ஏழு வருஷமாக ஓடுகிறேன். வேகமானவள் இல்லை, 21 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடிப்பேன். அதனால் முன்னால் ஓடுகிறவர்களுக்கு எல்லாம் கிடைத்த பிறகு, கடைசியில் வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்த்திருக்கிறேன். ஒரு ஓட்டம் எப்படி நடத்தப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

கட்டணம் 999 ரூபாய், வரியோடு 1,179. அதற்கு அவர்கள் எழுதிக் கொடுத்தது: ஓடுகிறவர் கடக்கும் நேரத்தைப் பதியும் சிப் வைத்து நேரக் கணக்கு, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேஜை, பாதை நெடுக மருத்துவ உதவி, போக்குவரத்து நிறுத்தப்பட்ட சாலை, காலை 5.15-க்குத் தொடக்கம். டி-ஷர்ட் கேட்ட அளவில் இல்லை, கழிப்பறை என்று நாலு பெட்டி வைத்து இரண்டில் தண்ணீர் இல்லை, பெண்களுக்குத் தனியாக ஒன்றுகூட இல்லை. அதெல்லாம் இருக்கட்டும், பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் பெரிய தப்பு நேரம். நாலரைக்கே வந்து நிற்கச் சொன்னார்கள். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று 5.15 ஐந்தே முக்காலாகி, 6.05-க்குத்தான் விட்டார்கள். ஐம்பது நிமிஷம் தாமதம், இதற்கா இவ்வளவு கோபம் என்று ஓடாதவர்கள் கேட்பார்கள். மார்ச் மாதக் கடலோரக் காற்றில் ஈரம் ஏறிக் கிடக்கும், வேர்வை காயவே காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதில் வெயிலும் சேர்ந்தால் உள்ளே ஏறுகிற சூடு வெளியே போக வழியில்லை. 5.15-க்கு விட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் ஏழே முக்காலுக்கு முடித்திருப்போம். தாமதமான அந்த ஐம்பது நிமிஷமும் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், எட்டரை மணி வெயிலாக எங்கள் தலையில் விழுந்தது.

தாமதத்தைச் சரிக்கட்ட இன்னொன்று செய்தார்கள். 5, 10, 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் மூன்றையும் இருபது நிமிஷ இடைவெளியில் விடுவதாகச் சொல்லியிருந்ததை விட்டுவிட்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குடும்பத்தோடு நடக்க வந்தவர்கள், செல்ஃபி எடுப்பவர்கள், நாங்கள், எல்லாரும் ஒரே சாலையில். போக்குவரத்தும் நிற்கவில்லை, ஒரு பக்கம் கயிறு கட்டியிருந்தார்கள், மூன்றாவது கிலோமீட்டருக்கு அப்புறம் அந்தக் கயிறும் இல்லை. எதிரே டிப்பர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.

தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். போகும்போது மூன்று இடத்தில் கிடைத்தது. திரும்பி வரும்போது ஒரு மேஜையில் ஒரு கல்லூரிப் பையன் இருபது லிட்டர் கேனைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிச் சொட்டுகளைக் கப்பில் வடித்துக்கொண்டிருந்தான். கப்பின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அதை என்னிடம் நீட்டும்போது அவன் கை நடுங்கியது. “அஞ்சு கேன்தான்க்கா இறக்கினாங்க. போன் பண்ணிட்டே இருக்கேன், யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க.” அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஐந்து கேன் என்றால் நூறு லிட்டர். ஒரு கப்புக்கு 150 மில்லி என்று வைத்தாலே அறுநூற்றுச் சொச்சம் கப்தான் வரும். பத்து கிலோமீட்டர்க்காரர்களும் எங்களோடு அதே மேஜையைத்தான் கடந்தார்கள், நாங்கள் போக ஒரு தடவை வர ஒரு தடவை, கழுத்தில் ஊற்றிக்கொள்ள இன்னொரு கப். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு தாளில் பெருக்கிப் பார்த்திருந்தால் போதும், பற்றாது என்று தெரிந்திருக்கும். உலகத் தடகளச் சம்மேளனத்தின் விதியே சாலை ஓட்டங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிலையம் கேட்கிறது. எங்களுக்குத் திரும்பும் வழி முழுவதிலும் அந்த அடி நனைந்த கப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

அந்தத் திரும்பும் வழியும் 10.5 கிலோமீட்டரோடு முடியவில்லை. யூ-டர்ன் இருக்க வேண்டிய இடத்தில் கூம்பும் இல்லை, ஆளும் இல்லை. முன்னால் போனவர்கள் நேராகப் போனார்கள், நாங்களும் போனோம். 11.7-ல் ஒருவர் பைக்கில் விரட்டி வந்து “திரும்புங்க, திரும்புங்க” என்று கத்தினார். முடிக்கும்போது என் கடிகாரத்தில் 23.6. வாட்ச் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், பாதையை அளந்த கோட்டின் மேலேயே நாம் வளைவுகளில் ஓடுவதில்லை. இருநூறு முந்நூறு மீட்டருக்கு நான் சண்டை போட மாட்டேன். இரண்டரை கிலோமீட்டர் வேறு விஷயம்.

பாதையை அளப்பதற்கு ஒழுங்கான முறை இருக்கிறது. அளவு சரிபார்த்த சைக்கிளின் முன்சக்கரத்தில் எண்ணும் கருவியை மாட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் ஓட்டிப் பார்ப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் வைப்பார்கள். அவ்வளவு செய்தும் பெரிய இடங்களிலேயே தப்பு நடந்திருக்கிறது. மான்செஸ்டர் மாரத்தான் 2013-லிருந்து 2015 வரை மூன்று வருஷம் 380 மீட்டர் குறைவாக இருந்தது. பிரைட்டனில் 2021-ல் 568 மீட்டர் அதிகம். 2015-ல் பாங்காக்கில் தவறான இடத்தில் திருப்பிவிட்டதால் 21-க்கு வந்தவர்கள் 27 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார்கள், அமைப்பாளர்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் சான்றிதழில் இன்றும் 21.1 என்றுதான் இருக்கிறது.

பதினேழாவது கிலோமீட்டர் வாக்கில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரு தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும், கோணல் மாணலாகக் கால் வைக்க ஆரம்பித்தான். “தம்பி, உக்காருப்பா” என்றேன். “வீட்டுக்குப் போகணும், பஸ் வந்துரும்” என்றான். அதற்கப்புறம் இரண்டு அடி வைத்து அப்படியே மடங்கினான். தொட்டுப் பார்த்தால் அடுப்பில் கிடந்த கல் மாதிரி உடம்பு. பேச்சுக் குழறி உடம்பும் இப்படிக் கொதித்தால் அது வெப்பத் தாக்கு, உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முதலில் குளிர வைக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கப்புறம். எங்கள் குழுவில் ஒரு டாக்டர் ஒவ்வொரு கோடையிலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அங்கே பக்கத்தில் இருந்த தன்னார்வலர் பெண்ணுக்கு யாரை அழைப்பது என்றே தெரியவில்லை. அவள் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையில் ஒரு எண்கூட அச்சிடவில்லை.

சாலை ஓரம் ஒரு டீக்கடை. கடைக்கார அண்ணன் பானைத் தண்ணீரைக் குடத்தோடு தூக்கி வந்து ஊற்றினார். அதே நேரம் டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போனவர் வண்டியை நிறுத்தினார். “ஐஸ் இருக்கும்மா, மீன் நாத்தம் அடிக்கும், பரவால்லயா?” என்றார். பெட்டியைத் திறந்து மீனை ஒதுக்கிவிட்டு இரண்டு கையாலும் ஐஸை அள்ளி அள்ளிக் கொடுத்தார். என் துண்டில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். 108-க்கு நான்தான் போன் செய்தேன், இருபத்திரண்டு நிமிஷத்தில் வந்தார்கள். ஓட்டத்துக்கென்று அமர்த்திய ஆம்புலன்ஸ் ஒன்றே ஒன்று. நான் முடிக்கும் கோட்டுக்கு வந்தபோது அது மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் நிழலில் உட்கார்ந்திருந்தார், அவருக்குத் தகவலே போகவில்லை. தம்பி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினான். அவனுடைய அம்மா என்னிடம் போனில் பேசியபோது அழுதார், நானும் அழுதேன்.

நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கோபமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றினார்கள், இரண்டு நாளில் எங்களில் சிலரை நீக்கினார்கள். போனில் ஒரு முறை பிடித்தபோது, “மேடம், பணம் எல்லாம் சாரிட்டிக்குப் போயிருச்சு” என்றார் ஒருவர். எந்த அறக்கட்டளை, ரசீது காட்டுங்கள் என்றேன், வைத்துவிட்டார். முடிவுப் பட்டியல் எக்செல் கோப்பாக வந்தது, அதில் என் பெயரே இல்லை. யூ-டர்னில் சிப் படிக்கும் மேட் வைக்கவில்லை என்பதால் பாதியில் திரும்பியவர் யார், முழுசாக ஓடியவர் யார் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் கணக்கை வைத்துத்தான் பரிசுப் பணமும் கொடுத்தார்கள்.

பதிவுப் படிவத்தில் ‘எது நடந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்று டிக் போட்டிருக்கிறோமே, இனி என்ன செய்ய முடியும் என்று பலர் சும்மா இருந்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வக்கீல் ஒருவரைக் கேட்டேன். காசு வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு, அந்த டிக்கை மட்டும் காட்டி அவர்கள் தப்பிவிட முடியாது என்றார். ஓட்டம் நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எடுத்த எடுப்பில் வழக்கு வேண்டாம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம்.

சின்ன ஊர் ஓட்டம் என்றாலே இப்படித்தான் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இருநூறு பேர் ஓடும் கிராமத்து ஓட்டம் ஒன்றில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் ஈரத் துண்டும் கடைசி ஆள் வரை காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், அங்கே கட்டணம் 300 ரூபாய். பணம் கட்டும் முன் போன் போட்டு, எத்தனை ஆம்புலன்ஸ், எங்கெங்கே நிற்கும், திரும்பும் வழியில் தண்ணீர் மேஜைகள் எத்தனை மணி வரை இருக்கும், யூ-டர்னில் மேட் உண்டா, காவல்துறை அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் படபடவென்று சொல்லிவிடுவார். போஸ்டரில் பரிசுத் தொகையும் விருந்தினர் படமும் பெரிசாக இருந்து பாதை வரைபடம் எங்கேயும் இல்லை என்றால் அங்கே போகாதீர்கள். முக்கியமாக முதல் முறை 21 ஓடப் போகிறவர்கள்.

அன்று அந்தச் சாலையில் ஓடியவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டிய ரசீது, சட்டையில் குத்தும் பிப் எண்ணோடு உள்ள படம், வாட்ச் பதிவு மூன்றையும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். இதுவரை பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம். அந்தத் தம்பியும் தன் ஆஸ்பத்திரி பில்லை அனுப்பியிருக்கிறான்.