பாஸ்வொர்த் போர்க்களக் காட்சியகம்: டிக்கெட் குன்றின் மேல், சண்டை நடந்தது வேறு இடத்தில்

லெஸ்டர் நகரில் மகள் வீட்டுக்கு வந்தால் ஊரே முதலில் கூட்டிப்போவது மூன்றாம் ரிச்சர்டின் சமாதிக்குத்தான். 2012இல் கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்து, 2015 மார்ச்சில் கதீட்ரலில் மறுபடி அடக்கம் பண்ணிய ராஜா. எனக்கு அதைவிடப் பிடித்தது, அவர் உயிரை விட்ட சண்டையைச் சொல்லும் காட்சியகம். நகரிலிருந்து மேற்கே சுமார் 15 மைல், சட்டன் செய்னி கிராமத்தை ஒட்டி, ஆம்பியன் குன்றின் மேல். பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள், கார் வேண்டும்.

தாலுகா ஆபீஸ் வாசலை மிதித்தவர்களுக்கு இந்தச் சண்டையின் காரணம் சட்டென்று புரியும்: வாரிசுத் தகராறு. இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் 1483 ஏப்ரலில் கண்ணை மூடினார். மூத்த மகனுக்கு 12 வயசு. கார்டியனாக வந்த சித்தப்பா ரிச்சர்ட், அண்ணன் கல்யாணமே செல்லாது, பிள்ளைகளுக்குப் பாத்தியதை இல்லை என்று சொல்லித் தானே முடிசூட்டிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் இருந்த அண்ணன் மகன்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. பிரான்சில் ஒதுங்கியிருந்த ஹென்றி டியூடர், அம்மா வழியில் வந்த மெல்லிய உரிமையைப் பிடித்துக்கொண்டு 1485 ஆகஸ்ட் 7 அன்று வேல்ஸ் கரையில் இறங்கினார். 22ஆம் தேதி இங்கே மோதல்.

காட்சியகத்துக்குள் கதையைச் சாதாரண ஆட்கள் வாயாலும் சொல்ல வைத்திருக்கிறார்கள்: உள்ளூர்ச் சத்திரக்காரர் மகள், ஒரு வில்லாளி, கூலிப்படை வீரன் மனைவி. கூடவே தாமஸ் ஸ்டான்லி பிரபு. எனக்கு ஸ்டான்லிதான் ருசி. ஹென்றியின் அம்மாவைக் கட்டியவர் அவர். அவருடைய சொந்த மகனோ ரிச்சர்ட் கையில் பிணை. என்ன செய்வார் மனுஷன்? தம்பி வில்லியமோடு படையை ஒதுக்கி நிறுத்தி வேடிக்கை பார்த்தார். கடைசியில் ரிச்சர்ட் குதிரையைத் தட்டிவிட்டு ஹென்றியை நேராகக் குறிவைத்துப் பாய்ந்து, கொடி பிடித்தவனை வெட்டிச் சாய்த்த நேரத்தில், வில்லியம் ஸ்டான்லியின் ஆட்கள் புகுந்து கணக்கை முடித்தார்கள். ரிச்சர்டுக்கு 32 வயசு. போர்க்களத்தில் செத்த கடைசி இங்கிலாந்து மன்னர். எலும்புக்கூட்டில் மண்டையில் மட்டும் ஒன்பது காயம். காப்பாற்றிய வில்லியமின் தலையை அதே ஹென்றி 1495இல் வாங்கினார் என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

காசுக்கு ஈடு எது என்றால், களத்தைக் கண்டுபிடித்த கதை. பணிக்காலம் முழுக்க நில அளவைச் சங்கிலி பிடித்து, எஃப்.எம்.பி. என்ற புல அளவுப் புத்தகத்தில் கோடு போட்டு ரிட்டயர் ஆனவன் நான்; அந்தப் பகுதியை விட்டு என்னை நகர்த்த மாப்பிள்ளை படாத பாடு பட்டார். இந்தக் குன்றுதான் களம் என்று நம்பி 1974இல் இங்கே மையத்தைத் திறந்துவிட்டார்கள். 2005இல் க்ளென் ஃபோர்ட் தலைமையில் முறையான சர்வே தொடங்கியது. பழைய எழுத்துகளில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. குன்றடியில் அது தோதாக அமையவில்லை. ஆகவே பழைய நிலப் பத்திரங்களில் வயல்களின் பெயரைத் தேடினார்கள், மண்ணைத் துளைத்து எங்கே கரிச்சேறு இருந்தது என்று பார்த்தார்கள், பிறகு மெட்டல் டிடெக்டரை வைத்து வரிசை வரிசையாக நடந்தார்கள். வருஷக்கணக்கில் ஒன்றும் சிக்கவில்லை. 2009இல் ஒரு ஈயக்குண்டு. அதன் பின்னால் முப்பதுக்கும் மேல். அந்தக் காலத்து ஐரோப்பியப் போர்க்களம் எதிலும் அவ்வளவு குண்டு கிடைத்ததில்லை.

இடம் குன்றிலிருந்து தென்மேற்கே சுமார் 3 கிலோமீட்டர், ஃபென் லேன் என்ற ரோமானியர் காலத்துச் சாலையின் இரு பக்கமும். சதுப்பின் ஓரத்தில்தான் அந்தக் காட்டுப்பன்றி கிடைத்தது: வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய சின்னஞ்சிறு பேட்ஜ், ரிச்சர்டின் சின்னம். ராஜாவுக்கு நெருங்கிய யாரோ ஒருவர் சட்டையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். சதுப்பு, குண்டு, பன்றி மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் எந்த ஆர்.டி.ஓ.வும் பட்டா கொடுத்துவிடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைப் பார்த்தவுடன் பேரன், "தாத்தா, இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவுதான்டா.

"அப்ப இந்தக் குன்றுல என்னதான் நடந்துச்சு மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். ரிச்சர்ட் முந்தின ராத்திரி இங்கே பாளையம் போட்டிருக்கலாம் என்கிறார்கள். இப்போது இரு தரப்புக் கொடியும் பறக்கிறது. அவர் தண்ணீர் குடித்ததாகச் சொல்லும் ஊற்றின் மேல் 1813இல் கட்டிய கல் கூண்டு இருக்கிறது. காற்று மட்டும் எலும்பு வரை போகும், ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம், நாய்களோடு நடப்பவர்கள் வணக்கம் சொல்லிப் போனார்கள். வில்லை இழுத்துப் பார்க்க ஒரு ஏற்பாடு உண்டு. பேரனுக்கு அசையவில்லை, எனக்குத் தோள் வயசை நினைவூட்டியது.

அரை நட்சத்திரம் குறைக்கிறேன், அது மையத்தின் மேல் உள்ள கோபமில்லை. நிஜக் களம் தனியார் விவசாய நிலம். சாலையோரம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதிலும் மேற்கு ஓரத்தில் ஒரு துண்டைத் தானியங்கிக் கார் சோதனைப் பாதைக்கு 2018இல் உள்ளூர் கவுன்சில் அனுமதித்துவிட்டது. நத்தம் புறம்போக்குக்கே நாங்கள் இதைவிட ஆட்சேபனை எழுதியிருப்போம்.

ஒரு துணுக்கு, பதிவுத்துறை நண்பர்களுக்காக. ஜெயித்த ஹென்றி தன் ஆட்சி ஆகஸ்ட் 21இல் தொடங்கியதாகப் பதிய வைத்தார். சண்டைக்கு முதல் நாள்! அப்படிச் செய்தால் ரிச்சர்டுக்காக வாளெடுத்தவர்கள் அத்தனை பேரும் ராஜத்துரோகி, சொத்து பறிமுதல். முன்தேதி போட்ட பத்திரத்தோடு தொடங்கிய வம்சம் 118 வருஷம் ஆண்டது.

போகிறவர்கள் முதலில் சர்வே பகுதியைப் பாருங்கள், பிறகு ஸ்டான்லி, கடைசியில் குன்று. திரும்பும்போது ஸ்டோக் கோல்டிங் வழியாக வந்தால், ஹென்றிக்கு முடிசூட்டியதாகச் சொல்லும் கிரவுன் ஹில்லையும் பார்த்துவிடலாம். பாதை குறுகல், எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.