ராஸ்பெர்ரி பை வீட்டு சர்வர்: ஆறு மாதம் கழித்துத் தெரியவரும் விஷயங்கள்

ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியை வீட்டு சர்வராக அமைப்பது ஒரு மாலை நேர வேலை. ஆள் தொடாமல் அது ஓடுமா என்பது ஆறு மாதம் போனால்தான் தெரியும். அப்போது முளைக்கும் தொல்லைகளுக்கு ப்ராசசரின் வேகம் காரணமாக இருப்பது அபூர்வம். பவர் அடாப்டர், கேபிள், மெமரி கார்டு என்று போர்டைச் சுற்றி இருப்பவைதான் காலை வாரும். அதனால் 8 ஜிபி போர்டை வாங்கிக் கையில் கிடக்கும் போன் சார்ஜரில் ஓட்டுவதைவிட, 4 ஜிபி போர்டோடு நின்று மிச்சப் பணத்தை நல்ல அடாப்டரிலும் எஸ்எஸ்டியிலும் போடலாம்.

பை-ஹோல் (விளம்பரத் தடுப்பு), சாம்பா (ஃபைல் பகிர்வு), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனக் கட்டுப்பாடு) அளவில் இருந்தால் 2019இல் வந்த பை 4 இன்றைக்கும் போதும். அதன் ஈதர்நெட் முழு ஜிகாபிட். சாம்பாவில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஃபைல் போகும். அதற்கு முந்தைய 3பி ப்ளஸ்ஸில் ஈதர்நெட், யூஎஸ்பி 2.0 வழியாகச் செல்வதால் அந்த வேகம் வராது. பை 4இல் முக்கியமான குறை ஒன்றுதான்: ஏஇஎஸ் என்கிரிப்ஷனுக்கான வன்பொருள் கட்டளைகள் அதில் கிடையாது. டிஸ்க்கை முழுவதும் என்கிரிப்ட் செய்ய நினைப்பவர்கள் 2023இல் வந்த பை 5க்குப் போவது நல்லது.

மின்சாரம்

பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர். "என்னிடம் 65 வாட் சார்ஜரே இருக்கிறதே" என்று பலரும் ஏமாறுவது இங்கேதான். அந்த 65 வாட் கிடைப்பது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டில் பெரும்பாலான சார்ஜர்கள் தருவது 3 ஆம்பியர் மட்டுமே. அதில் பை 5 இயங்கும், ஆனால் எல்லா யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 5 ஆம்பியர் அடாப்டரில் அதே வரம்பு 1.6 ஆம்பியர்.

இதன் விளைவு விசித்திரமானது. பை 5ஐ யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யும்படி வைத்து, 3 ஆம்பியர் சார்ஜரும் போட்டிருந்தால், கரண்ட் போய் வந்ததும் அது தானாக எழாது. யாராவது பவர் பட்டனை அமுக்கும்வரை, கணினியைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் காத்திருக்கும். மானிட்டர் இல்லாத சர்வரில் இது வெளியே தெரியாது. "எஸ்எஸ்டி போய்விட்டது" என்று முடிவுகட்டத் தோன்றும். கான்ஃபிக் ஃபைலில் யூஎஸ்பி உச்ச மின்னோட்ட அமைப்பை 1 என்று வைத்தால் காத்திருப்பு நீங்கும். ஆனால் அடாப்டரால் நிஜமாகவே தர முடியாவிட்டால் அது ஓட்டையை மறைக்கும் ஒட்டுதான்.

மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் போர்டு அதைப் பதிந்துகொள்ளும். த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்கும் கட்டளை 0 என்று சொன்னால் நிம்மதி. விடையின் கடைசியில் 50000 என்று வந்தால், பூட் ஆனதிலிருந்து ஒரு முறையாவது மின்னழுத்தம் சரிந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் அப்படித்தான். வாரம் ஒருமுறை தானாக ஓடி இதை லாகில் (பதிவேட்டில்) எழுதும் க்ரான் வேலை ஒன்று போதும். பெரும்பாலும் குற்றவாளி அடாப்டர்கூட இல்லை, மெல்லிய நீளமான கேபிள்.

பை 4உம் எஸ்எஸ்டியும் சேர்த்து சும்மா இருக்கையில் 5, 6 வாட் என்ற கணக்கில், மாதத்துக்கு சுமார் 4 யூனிட் செலவாகும். பில்லைப் பற்றிய கவலை தேவையில்லை.

சேமிப்பு

மெமரி கார்டு சாவது பெரும்பாலும் ஓயாத சின்னச் சின்ன எழுத்துகளால்: சிஸ்டம் லாக், பை-ஹோலின் கேள்விப் பதிவு, ஹோம் அசிஸ்டன்டின் டேட்டாபேஸ். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கூடுதல் அடி. செத்த கார்டு உடனே பிழை காட்டாது என்பதுதான் கொடுமை. எழுதியதாகச் சொல்லும், ரீபூட் செய்தால் பழைய ஃபைலே திரும்ப வந்து நிற்கும். ஆகவே ஆபரேட்டிங் சிஸ்டம் உட்பட எல்லாமே எஸ்எஸ்டிக்குப் போவது நல்லது. பை 5இல் பிசிஐஇ இணைப்பு வழி என்விஎம்இ வகை எஸ்எஸ்டியே போடலாம். பூட் வரிசையைக் குறிக்கும் எண்ணில் கடைசி இலக்கம்தான் முதலில் பார்க்கப்படும். 6 என்விஎம்இ, 4 யூஎஸ்பி, 1 கார்டு.

பை 4இல் எஸ்எஸ்டிக்கு யூஎஸ்பி 3.0 உறை வாங்கும்போது, அதற்குள் டிஸ்க்கையும் யூஎஸ்பியையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப்தான் விதியைத் தீர்மானிக்கும். சில சிப்களில் யூஏஎஸ்பி என்ற வேகமான தரவு முறை சரியில்லாமல், பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது டிஸ்க் சில விநாடிகள் உறைந்து மீண்டும் இணையும். கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) லாகில் யூஏஎஸ் என்ற பெயரோடு ரீசெட் வரிகள் அடுக்கடுக்காக வந்தால் இதுதான். அந்தச் சிப்பின் அடையாள எண்ணைக் கெர்னல் கட்டளை வரியில் விதிவிலக்காகச் சேர்த்தால் பழைய, மெதுவான முறைக்கு மாறி நிலைத்து ஓடும். இன்னொன்று: யூஎஸ்பி 3.0 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும். சர்வரை லேன் கேபிளில் மாட்டிவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

தனி டேட்டா டிஸ்க் இருந்தால் டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் யூயூஐடி என்ற அடையாள எண் மூலம் குறிப்பிட்டு, நோஃபெயில் (டிஸ்க் வராவிட்டாலும் பூட் ஆகு) என்பதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் டிஸ்க் ஒருநாள் விழிக்கத் தவறினால் சிஸ்டம் அவசர நிலைக்குப் போய்விடும், வேறு கணினியிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் வராது. நோஃபெயில் போட்டால் வேறொரு பொறி உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத (தன் ஃபோல்டரோடு இணையாத) வேளையில், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் எழுந்து, அந்த வெறும் ஃபோல்டரிலேயே எழுதத் தொடங்கும். போட்டோக்கள் எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும், ரூட் பார்ட்டிஷனும் நிரம்பும். டிஸ்க் மாட்டாதபோது அந்த ஃபோல்டரை மாற்ற முடியாததாகப் பூட்டி வைப்பதும், டாக்கர் சேவை அந்த மவுண்ட்டை நம்பியிருக்கிறது என்று, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் எழுதுவதும் இதற்கு மருந்து.

மென்பொருள்

ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 64 பிட் லைட் பதிப்பு போதும். 2022 ஏப்ரலிலிருந்து "பை" என்ற இயல்புப் பயனர் கிடையாது. ஓஎஸ்ஸைக் கார்டில் எழுதும் இமேஜரிலேயே பயனர் பெயரையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் போட்டுவிடலாம்.

டாக்கர் வைத்தால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கன்டெய்னர் லாகுக்கு இயல்பாக வரம்பே இல்லை. ஒரு ஃபைலுக்கு 10 எம்பி, அதிகபட்சம் 3 ஃபைல் என்று கட்டுங்கள். நினைவக வரம்பு வைத்தும் வேலை செய்யவில்லை என்றால், அந்த வரம்பை அமல்படுத்தும் மெமரி சிகுரூப் என்ற கெர்னல் வசதி அணைந்திருக்கும். கெர்னல் கட்டளை வரியில் அதை இயக்க வேண்டும். மூன்றாவது ஆபத்தானது: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிச் செல்லும். ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று நம்பி டேட்டாபேஸ் போர்ட்டைத் திறந்து வைத்தவர்கள் ஏராளம். உள்ளே மட்டும் தேவையான போர்ட்டை, கணினி தன்னையே அழைக்கும் முகவரியான 127.0.0.1க்குக் கட்டுவதே சரி.

பை 5இல் புதிதாக ஒரு சிக்கல். அதன் இயல்பான கெர்னல் 16 கேபி நினைவகப் பக்கங்களைப் பயன்படுத்துகிறது. 4 கேபியை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட சில நிரல்கள் தொடங்கியவுடன் விழும். லாகில் ஜெமலாக் என்ற நினைவக ஒதுக்கீட்டு நிரலின் பெயரும் பக்க அளவு பற்றிய புகாரும் கண்ணில் பட்டால், கான்ஃபிக் ஃபைலில் கெர்னல் 8ஐத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தால் தீரும்.

பை-ஹோலோடு அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக்கும்) சர்வரும் வைத்திருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். பை 4இல் கடிகாரச் சிப் இல்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பழைய நேரத்தோடு எழும். நேரம் தவறாக இருந்தால், டிஎன்எஸ் விடைகளைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லாது; டிஎன்எஸ் இல்லாமல் நேர சர்வரையும் பெயரால் தேட முடியாது. வீடு முழுக்க இணையம் செத்துக் கிடக்கும். நேர சர்வராக ஒன்றையாவது ஐபி எண்ணாகவே கொடுத்தால் இந்த முடிச்சு அவிழும். பை 5இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கான சிறு பேட்டரியைத் தனியாக மாட்டினால்தான் மின்வெட்டைத் தாங்கும்.

வெளியிலிருந்து நுழைய வயர்கார்டு என்ற விபிஎன் போதும், போர்ட் யூடிபி 51820. ரௌட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கிடுகிறது. போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. போர்ட் திறக்கத் தேவையில்லாத டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றுக்கு மாறிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வரை வைப்பவர்கள், டிவி நேரடியாக இயக்கக்கூடிய வடிவத்தில் படங்களை வைத்துக்கொள்ள வேண்டும். பை 5இல் ஹெச் 264க்கு வன்பொருள் என்கோடரே இல்லை. காட்சியின் மேலேயே பதித்த சப்டைட்டிலோடு ஒரு படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றத் தொடங்கினால் நான்கு கோரும் நிரம்பி 80 டிகிரியைத் தொட்டு வேகம் குறையும். விசிறி வைத்தால் சூடு அடங்கும், வேலை அப்படியேதான் இருக்கும்.

பேக்அப்புக்கு ஓடும் டேட்டாபேஸ் ஃபைலை ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவியில் காப்பி எடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் சிக்கும். முதலில் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்து, அதையும் டாக்கர் அமைப்புகள் இருக்கும் கம்போஸ் ஃபைல்களையும் ரெஸ்டிக் என்ற பேக்அப் கருவி மூலம் வேறொரு டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டும். யூஎஸ்பி டிஸ்க்குகளை வைத்து ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) கட்டுவது பேக்அப் ஆகாது. ஒரு கேபிள் அசைந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி கார்டு ஒன்றில் புதிதாக நிறுவி, அந்தப் பேக்அப்பிலிருந்தே எல்லாம் எழுகிறதா என்று பாருங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் விடுபடுவது பாஸ்வேர்டுகள் இருக்கும் என்வ் ஃபைல்.