வேலூரிலிருந்து எந்த வானாய்வகம்: காவலூரா, கொடைக்கானலா?

இரண்டுமே இந்திய வானியற்பியல் நிறுவனத்துடையவை. விண்மீன்களைப் பார்க்கும் காவலூருக்கு இரவில் வேலை, சூரியனைப் பார்க்கும் கொடைக்கானலுக்குப் பகலில்.

தூரத்தில் போட்டியே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் போனால் காவலூர் சுமார் 100 கி.மீ. 2019 மாவட்டப் பிரிப்பில் திருப்பத்தூரோடு போய்விட்டது. வேலூர்க்காரர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு கதை. கொடைக்கானல் 400 கி.மீ.க்கு மேல். ஆய்வகத்துக்காக மட்டும் அவ்வளவு தூரம் கிளம்ப வேண்டாம்.

ஆனால் கட்டட நுட்பத்தில் கொடைக்கானலுக்கே எங்கள் ஓட்டு. அங்கே 11 மீட்டர் கோபுரத்தின் மேல் 60 செ.மீ. கண்ணாடி ஒன்று சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். அது பிடித்துத் தரும் ஒளியை மற்ற கண்ணாடிகள் கீழே இறக்கி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் படுக்கைவாட்டில் செலுத்தும். 38 செ.மீ. லென்ஸ் ஒன்று 34 செ.மீ. அகலச் சூரிய பிம்பத்தை உண்டாக்கும். எதற்கு மண்ணுக்கடியில்? வெயிலில் சூடேறிய காற்று அலைந்தால் பிம்பமும் அலையும். நிலத்தடியில் வெப்பநிலை அவ்வளவாக மாறாது.

காவலூரின் எதிரியும் வெப்பம்தான். 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் குவிமாடத்தைப் பகலில் மூடியே வைப்பார்கள். உள்ளே தங்கிய சூடு இரவில் கிளம்பினால் விண்மீன் புள்ளியாக நிற்காது, கலங்கும். காற்றில் ஈரம் ஏறினாலும் கண்ணாடியில் பனி படியும் என்று திறப்பை மூடிவிடுவார்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பெரிய தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம், அதன் வழியே வானத்தைப் பார்க்க முடியாது, அது ஆய்வுக்கு. பொதுமக்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் சிறிய தொலைநோக்கி வைப்பார்கள், அதுவும் மேகம் இல்லாவிட்டால். படங்களில் வரும் வண்ண நெபுலாக்களை, அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களை, எதிர்பார்க்காதீர்கள், கண்ணுக்குச் சாம்பல் புகையாகத்தான் தெரியும்.

நாள் குறிக்கும்போது பௌர்ணமியைத் தவிருங்கள். நிலவின் பள்ளங்களுக்கு வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனி, விண்மீன் கூட்டங்களுக்கு அமாவாசையை ஒட்டிய சனி. மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரு பருவமழைகளும் மாறிமாறிக் கெடுக்கும். கொடைக்கானலுக்கு, மூடுபனி ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டு இடத்துக்கும் கிளம்பும் முன் பார்வை நேரத்தை விசாரியுங்கள். காவலூருக்கு ஸ்வெட்டர் வேண்டும். டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் ஒருமுறை பட்டாலும் கண் இருட்டுக்குப் பழக மறுபடி 20 நிமிடமாவது ஆகும், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்.