டாட் இன் பெயர்களில் 11 ஆண்டுகள்: வரவும் செலவும்

கோவையில் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் தொழிலில் இருக்கிறேன். கேட்ட டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், கிடைக்காமல் வாடிக்கையாளர்கள் ஏமாந்து திரும்புவதைப் பார்த்துப் பார்த்து, நல்ல பெயர்களை முன்கூட்டியே பதிந்து வைத்து விற்றால் என்ன என்று தோன்றியது. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில், .in என்று முடியும் 40 டாட் இன் பெயர்களுடன் தொடங்கினேன். 2018இல் அந்த எண்ணிக்கை 112 ஆகியிருந்தது. இன்று கையில் 23 இருக்கின்றன.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் பற்றி எழுதுவோரில் பலர் விற்ற பெயர்களைப் பட்டியலிட்டுவிட்டு விற்காமல் போனவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. பதிவுக்கும் புதுப்பிப்புக்கும் செலவிட்டது ஏறத்தாழ 4,66,000 ரூபாய். காலாவதியான பெயர்களை ஏலத்திலும் பிறரிடமிருந்தும் வாங்கியதற்கு 1,10,000 ரூபாய். விற்றவை 11 பெயர்கள். அவற்றில் மூன்று மட்டும் 2,40,000, 1,35,000, 90,000 என விலை போயின. மீதி எட்டும் சேர்ந்து 1,52,000. விற்பனைத் தளங்களின் கமிஷன் 48,000 ரூபாயைக் கழித்தால், என் உழைப்புக்குக் கூலி எதுவும் போடாமலேயே, மொத்தத்தில் 7,000 ரூபாய் நட்டம்.

ஆனால் இந்த 7,000 முழுக்கதையைச் சொல்லவில்லை. 2019 வரை வரவைவிடச் செலவு 2,88,000 ரூபாய் அதிகம். 2020 முதல், கமிஷனைக் கழிக்காமல் பார்த்தால், செலவைவிட வரவு 3,29,000 ரூபாய் அதிகம். இடையில் சந்தை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. நான் செய்ததெல்லாம், விற்காத பெயர்களைப் புதுப்பிக்காமல் விட்டதுதான். ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியுடன் சுமார் 700 ரூபாய் என்பது தனியாகப் பார்த்தால் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுச் செலவுபோலத் தெரியும். 112 பெயர்களுக்கு அது 78,000 ரூபாய், அதுவும் ஆண்டு தவறாமல். மனை வாங்கிப் போட்டால் முள் முளைத்தாலும் மனை நம்முடையதாகவே இருக்கும். டொமைன் அப்படியல்ல, வாடகை நின்ற நாளில் வீடும் போய்விடும்.

அப்படி ஒன்று போகவும் செய்தது. சுற்றுலாத் தொழிலுக்குப் பொருந்தும் ஓர் ஆங்கிலச் சொல், என்னிடம் இருந்தவற்றில் முதல் ஐந்தில் ஒன்று. 2018இல் வங்கி என் கிரெடிட் கார்டை மாற்றித் தந்தபோது பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் புதிய எண்ணை ஏற்ற மறந்துவிட்டேன். தானியங்கிப் புதுப்பிப்பு தோற்றது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் விளம்பர அஞ்சல்களோடு கலந்து கிடந்தன. நான் கவனித்தபோது பெயர் மீட்புக் காலத்துக்குள் போயிருந்தது. மீட்டுத் தர 7,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 700 ரூபாய்ப் பெயருக்குப் பத்து மடங்கா என்று இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மீட்புக் காலம் முடிந்து, நீக்கத்துக்குக் காத்திருக்கும் ஐந்து நாட்களும் கழிந்து, பெயர் விடுபட்ட நொடியிலேயே யாரோ மென்பொருள் வைத்துப் பிடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நன்றாக ஓடும் ஒரு தளம் இருக்கிறது. நான் போய்ப் பார்ப்பதில்லை.

விற்பனை எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர் யார் என்பது தெரியாமல் எந்தப் பெயரையும் மதிப்பிட முடியாது. 2,40,000 ரூபாய்க்குப் போனது பம்ப்செட்டில் பொருத்தும் ஓர் உதிரிப்பாகத்தின் ஆங்கிலப் பெயர், 2014இல் பதிந்தது, ஏழு ஆண்டுகளில் அதற்கு ஆன மொத்தச் செலவு 5,000 ரூபாய்க்குள். 2021இல் பீளமேட்டுப் பக்கம் அந்தப் பாகத்தை வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவர் அழைத்தார். நான் மூன்று லட்சம் என்றேன். "ஒரு பேருக்கு மூணு லட்சமாங்க? அதுல பழைய லேத் ஒண்ணு வாங்கிப் போட்டா நாளைக்கே வேலை செய்யுமுங்களே" என்றார். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அவருடைய நீளமான மின்னஞ்சல் முகவரியைத் தப்பாக அடித்து, விலைப்பட்டியல் வேறு யாருக்கோ போய்விட்டதாம். அன்றைக்கு 2,40,000க்கு முடிந்தது. ஒரு லட்சம் முன்பணம் வந்ததும் அதே ரெஜிஸ்ட்ராரில் அவர் பெயரில் கணக்குத் திறக்க வைத்து, அவருடைய அலுவலகத்திலேயே உட்கார்ந்து, மீதிப் பணம் ஏறியதாகக் கைப்பேசி சொன்ன பிறகு பெயரை அவர் கணக்குக்குத் தள்ளிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது, நம் ஊர் வாங்குபவர் தேவை வந்தால்தான் வருவார், முதலில் டாட் காம் கிடைக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்பது. ஜெர்மனியில் நிலைமை வேறு. டாட் டிஇ பெயர்கள் 1.7 கோடிக்கு மேல் பதிவாகியுள்ளன, உள்ளூர்க் கடைக்காரருக்கு அதுவே இயல்பான முகவரி. நம் மக்கள்தொகைக்கு டாட் இன் எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டியதே அண்மையில்தான். வளர இடம் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். பழக்கம் இன்னும் வரவில்லை என்றும் படிக்கலாம். என் பணப்பை இரண்டாவதைத்தான் சொல்கிறது.

அடுத்தது சட்டம். தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு ஒலி ஒத்துப்போகும் பெயர் ஒன்றை, தற்செயல் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டு, பதிந்திருந்தேன். 2016இல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டேன். டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லிவிட்டது. டாட் இன் பதிவகத்தை, அதாவது அந்தப் பெயர்களின் மூலப் பதிவேட்டை, நடத்தும் நிக்ஸி அமைப்புக்கென்று ஐஎன்டிஆர்பி என்ற தகராறு விதிமுறை தனியாக இருக்கிறது. டாட் காமுக்கான விதியில், கெட்ட எண்ணத்தோடு பதிந்ததையும் பயன்படுத்தியதையும் புகார்தாரர் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். இங்கே இரண்டில் ஒன்று போதும். மேலும், டாட் இன்னில் உரிமையாளர் விவரத்தை மறைக்கும் சேவைக்கு இடமில்லை. பெரிய பிராண்டின் பெயரைப் பிடித்து வைத்துக் காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்தாலே போதும்.

நாட்டுப் பெயர் என்றால் நாட்டின் முடிவுகளுக்கும் கட்டுப்பட வேண்டும் என்பது பலருக்கு உறைப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் வங்கிகளுக்கென்று பேங்க் டாட் இன் என்ற தனி வெளியை அறிவித்து, அக்டோபர் 31க்குள் வங்கிகள் அங்கே மாறிவிட வேண்டும் என்றது. வங்கி என்ற சொல்லை ஒட்டி வேறு வடிவில் பெயர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு வாங்குபவரே இல்லாமல் போய்விட்டார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது, ஒன்றியக் குடியுரிமை இல்லாத பிரிட்டன்வாசிகள் டாட் ஈயூ பெயர்களை வைத்திருக்கும் தகுதியை இழந்தார்கள். டாட் ஐஓ உண்மையில் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தின் குறியீடு. அந்தத் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்த மறுநாள், அந்தக் குறியீடே இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், அதில் நான் வைத்திருந்த நான்கு பெயர்களையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட முயன்றேன். ஒருவரும் கேட்கவில்லை, அந்த வரவு செலவை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவுமில்லை.

மறுபக்கமும் உண்டு. சுமார் 15,000 பேர் வாழும் அங்குவில்லா தீவின் டாட் ஏஐ, செயற்கை நுண்ணறிவு அலையில் ஏறி, 2023இல் அந்த அரசுக்கு ஏறத்தாழ 3.2 கோடி டாலர் வருமானம் தந்தது. அது மொத்த அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். என்னிடமும் இரண்டு டாட் ஏஐ பெயர்கள் இருந்தன. இரண்டு ஆண்டுக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்ற விதி கசந்ததால் 2019இல் இரண்டையும் கைவிட்டேன். யார் சம்பாதித்தார்கள் என்று பார்த்தால், ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பணம் வாங்கிய பதிவகம்தான் உறுதியாகச் சம்பாதித்தது. பெயர் வாங்கியவர்களில் காலம் கூடி வந்த சிலரும்.

ஆசைக்காக வாங்கியவை .இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் மூன்று பெயர்கள். ஒரு பெயரை விசிட்டிங் கார்டில் அச்சடித்து நண்பரின் கடைக்குக் கொடுத்தேன். வாடிக்கையாளர் அதைக் கைப்பேசியில் அடிப்பதற்குத் தமிழ் விசைப்பலகை தேட வேண்டியிருந்தது. இணைப்பை நகலெடுத்து அனுப்பினால் சில இடங்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக்குவியலாகப் போய் நின்றது. அதைப் பார்த்த ஒருவர் வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார். அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் ஏற்பதே இல்லை. மூன்றில் ஒன்றுக்குக்கூட இதுவரை ஒரு விசாரிப்பு வரவில்லை.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: இதை வாங்கக்கூடிய பத்து நிறுவனங்களின் பெயரை என்னால் இப்போதே எழுத முடியுமா? எழுத முடியாவிட்டால் மூன்றாம் ஆண்டுக்கு மேல் புதுப்பிப்பதில்லை. 23 பெயர்களில் 14க்கு வரும் மார்ச்சுக்குள் பணம் கட்ட வேண்டும். நேற்று உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில் எட்டுக்குப் பட்டியல் நிறைந்தது, ஆறுக்கு நிறையவில்லை. அந்த ஆறில் மூன்று தமிழ்ப் பெயர்கள். அவற்றின் தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் இன்னும் அணைக்கவில்லை.